அரைமாடியின் கெண்டைக்கால்

படிக்கட்டில் உட்காருகிற ஆளைக் கண்டால் எனக்கு ஆகாது. ஏறுகிறவன் ஏற வேண்டும், இறங்குகிறவன் இறங்க வேண்டும். நடுவில் குந்திக்கொண்டு மூச்சு வாங்குகிறவனைப் பார்த்தால் இந்த அறுபத்தாறு வயதிலும் எனக்குக் குமட்டும். என் மாப்பிள்ளை அப்படி உட்கார்ந்தவர். அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். எழுத்தில் ‘அவர்’ என்று மரியாதையாகப் போடுகிறேன். மனசுக்குள் ஆறு வருஷம் ‘அவன்’தான் ஓடிக்கொண்டிருந்தது.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். பதினோரு வயதில் கடைசல் பட்டறையில் இரும்புத்தூள் கூட்டினேன். இன்றைக்கு எனக்குச் சொந்தமாக மூன்று லேத்து மெஷின். இந்த ஊரில் தண்ணீர் இறைக்கும் பம்பு எங்கே ஓடினாலும் அதில் பாதிக்கு நான் கடைந்த அச்சுதான். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினால் விரலால் தடவியே சொல்லிவிடுவேன். இஞ்சினியர் படித்தவர்கள் கருவி வைத்து அளந்து பார்த்துவிட்டு, “பெரியவர் சொன்னது சரிதான்” என்று போயிருக்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

மாப்பிள்ளை சமையல் காஸ் சிலிண்டர் தூக்குகிறவர். அப்பா அம்மா இல்லாமல் சித்தப்பா வீட்டில் ஒண்டி வளர்ந்தார். பதினாறு வயதில் சிமெண்டு மூட்டை, அப்புறம் தண்ணீர் கேன், அப்புறம் சிலிண்டர். நிறை சிலிண்டர் ஒன்று முப்பது கிலோவுக்குக் குறையாது. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தூக்குவார். லிஃப்ட் இல்லாத தெருக்களாகப் பார்த்து இவர் தலையில் கட்டினார்கள், ஏனென்றால் இவர் கால் அப்படி. கெண்டைக்கால் இரண்டும் கல்லில் அடித்து வைத்த மாதிரி இருக்கும். என் மகள் அதே காஸ் ஏஜென்சியில் போன் எடுத்து புக்கிங் பதிகிறவள். அவள் எதைப் பார்த்து மயங்கினாள் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலைத் தவிர அவரிடம் பார்க்க வேறொன்றும் கிடையாது.

கல்யாணமான மறு வருஷம், அவருக்கு முப்பது வயது. என் வீட்டுக்கு அவரே சிலிண்டர் கொண்டுவந்தார். என் வீடு இரண்டாவது மாடி. முதல் மாடிக்குப் போகும் பாதி வழியில், படி திரும்புகிற இடத்தில், யார் யாரோ எச்சில் துப்பிக் கறையான சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. வலது காலைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். அவரோடு வந்த இன்னும் இரண்டு சிலிண்டர்காரர்கள் கீழே நின்றிருந்தார்கள். முதல் மாடிக்கார அம்மாள் கதவைத் திறந்து பார்த்தாள். நான் மேலேயிருந்து கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்துச் சத்தமாகக் கேட்டேன்.

“என்ன மாப்ளே, அரை மாடியிலயே குடித்தனம் வெச்சிட்டீங்களா? பால் காய்ச்சச் சொல்லட்டுமா?”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். “ரெண்டு நிமிஷம் மாமா, கால் கல்லாட்டம் ஆயிடுது. தானா சரியாயிடும்” என்றார்.

தானாகச் சரியாகிவிடும். அந்த வார்த்தைதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. இரண்டு நிமிஷம் உட்கார்ந்தால் போய்விடுகிற வலி என்ன வலி? எனக்கு லேத்தில் கை மாட்டி விரல் நுனி போயிருக்கிறது. துணி சுற்றிக்கொண்டு சாயங்காலம் வரை வேலை பார்த்தேன். அதல்லவா வலி!

மறுநாளே ஏஜென்சியில் அவர் பெயர் ‘அரைமாடி’ ஆகிவிட்டது. ஒரு வாரத்தில் வாடிக்கையாளர்கள் போனில், “அரைமாடி எப்ப வருவான்?” என்று என் மகளிடமே கேட்டார்கள். தன் புருஷன் பெயரை விட்டுவிட்டு, “அரைமாடி கிளம்பிட்டாரு மேடம், வந்துடுவாரு” என்று அவளும் சொல்லிப் பழகிவிட்டாள்.

ஆறு வருஷம் இப்படியே போனது. அரை மாடியில் நின்றவர் பிறகு கால் மாடியில் நிற்க ஆரம்பித்தார். டாக்டரிடம் காட்டாமலில்லை. படுக்க வைத்துக் கணுக்காலில் நாடி பார்ப்பார்கள், நன்றாக அடிக்கும். முட்டியைத் தட்டுவார்கள், நன்றாக உதைக்கும். எக்ஸ்ரேயில் எலும்பு ஜோராக இருக்கும். ஏஜென்சிக்காரர்களின் டாக்டர், ‘கால் நல்ல கால்’ என்ற மாதிரி எழுதிக் கையெழுத்தே போட்டுவிட்டார்.

அந்த ஏஜென்சி மேனேஜரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கார் சாவியைக் காதில் விட்டுக் குடைந்துகொண்டே பேசுவான். குடைந்த சாவியை டெலிவரி ரிஜிஸ்டரின் ஓரத்தில் துடைப்பான். அந்த ரிஜிஸ்டரைத்தான் என் மகள் நாள் முழுக்கப் புரட்ட வேண்டும். சிலிண்டர்காரர்களுக்கு வைத்திருக்கிற தண்ணீர் டிரம்மின் உள்பக்கம் விரல் கனத்துக்குப் பாசி. ஒரு நாள் அவன் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

“இந்த மாசக் கடைசி திங்கக்கிழமை வரைக்கும் டைம். கால்ல கோளாறுன்னு ஒரு டாக்டர் எழுதிக் குடுக்கட்டும், கோடவுன்ல எடை போடற வேலைக்கு மாத்தறேன். அங்க படியே கிடையாது. எழுதி வாங்க முடியலையா, நடிச்சது போதும், வேற எடம் பாரு.”

மகள் என் பட்டறைக்கு வந்து அழுதாள். “எனக்கே சந்தேகமா இருக்குப்பா. வீட்ல சும்மா இருக்கும்போது நல்லாத்தான் இருக்காரு. கடைத்தெருவுக்கு என்கூட வேகமா நடக்கச் சொன்னா நாலு கடைக்கு ஒரு தடவை நின்னு ஷோகேசைப் பாக்கறாரு. பாத்திரக்கடை ஷோகேசுல அப்படி என்னப்பா இருக்கு?”

பெண்டாட்டிக்குத் தெரியாமல் வலியை மறைக்கப் பாத்திரம் பார்க்கிறார் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு டாக்டரம்மா என் பட்டறைக்கு வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வைத்து ஆராய்ச்சி செய்கிறவர். மெலிந்த உடம்பு, கண்ணாடி, தோளில் ஒரு துணிப்பை. லேத்திலிருந்து எண்ணெய் தெறித்தும் நகரவில்லை. எனக்கு அது பிடித்தது.

“ஒரு கால் பெடல் வேணும்யா. ஆள் ஸ்கேனுக்குள்ள படுத்துக்கிட்டே அழுத்தணும். அழுத்தும்போது கெண்டைக்கால் சதையில ரத்தம் ஆக்சிஜனை எப்படி எடுக்குது, திரும்ப எப்படி நிரப்புதுன்னு படம் எடுக்கறோம். ஏற்கெனவே இருந்த பெடல் உடைஞ்சு போச்சு. முக்கியமான விஷயம், இதுல இரும்பு கூடாது.”

“கொஞ்சங்கூடவா?”

“குண்டூசி அளவு கூட. அந்த மெஷின் பெரிய காந்தம். இழுத்துடும். ஆள் உள்ள இருக்காரு.”

இரும்பே சாப்பிட்டு இரும்பிலேயே வளர்ந்த என்னிடம் இரும்பில்லாத சாமான் கேட்கிறார்! அதனால்தான் ஒப்புக்கொண்டேன். தேக்குப் பலகை, நைலான் கம்பி, பித்தளை ஆணி, மேலே ஒட்ட ரப்பர் ஷீட். ஒவ்வொன்றையும் நூலில் கட்டிய காந்தத்தைக் காட்டிச் சோதித்தேன். பித்தளை என்று சொல்லி எனக்கு விற்ற ஆணிகளில் மூன்று, காந்தத்தைப் பார்த்ததும் நாய்க்குட்டி மாதிரி ஓடிவந்தன. கடைக்காரன் முகத்தில் விட்டெறிந்துவிட்டு வந்தேன்.

டாக்டரம்மா ஒரு வரைபடம் கொடுத்திருந்தார். அதில் பலகை அசைகிற கீல், சரியாகக் குதிகாலுக்கு நேரே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படி வைத்தால் பெரிய பாதக்காரனுக்குக் குதிகால் இடிக்கும். நான் அதை நாலு விரல் கீழே இறக்கி வைத்தேன். பலகை முழுசும் கார் ஆக்ஸிலேட்டர் மாதிரி ஜம்மென்று இறங்கியது. யாரிடமும் கேட்கவில்லை. நான் ஏன் கேட்க வேண்டும்? முன்பாதம் எங்கே வர வேண்டும் என்று தெரிய ரப்பரின் மேல் பகுதியில் குறுக்காக நீலச் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன்.

கொண்டுபோய்க் கொடுத்தபோது டாக்டரம்மா, “நல்லா சதை வெச்ச கால் உள்ளவங்க யாராவது தெரியுமா? ஓட்டக்காரங்க, மூட்டை தூக்கறவங்க?” என்று கேட்டார்.

எனக்குக் குரூரமான ஒரு சந்தோஷம். இதை மறைத்து எழுதினால் இதை எழுதவே வேண்டாம். மாப்பிள்ளையின் வண்டவாளம் கறுப்பு வெள்ளையில் வெளியே வரட்டும் என்று நினைத்தேன். “இருக்கான்மா ஒரு ஆள். நடந்தா கால் வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியறான். வலிக்குதா நடிக்குதான்னு உங்க காந்தம் சொல்லட்டும்” என்றேன்.

மேனேஜரின் கெடுவுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். எல்லாம் விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். இடுப்புச் சாவி, பெல்ட், அரைஞாண் கயிற்றிலிருந்த தாயத்து எல்லாம் கழற்றி என் கையில் கொடுத்தார். டாக்டரம்மா அவருக்குப் பொறுமையாகச் சொன்னார்: “ஆக்சிஜன் ஏத்திக்கிட்டு வர்ற ரத்தம் காந்தத்தைக் கண்டுக்காது. சதையில அதை எறக்கிட்டுத் திரும்பற ரத்தம் காந்தத்தைக் கொஞ்சம் கலைக்கும். அந்த எடம் படத்துல மங்கும். புது ரத்தம் வந்தா மறுபடி பளிச்சுனு ஆகும்.”

மாப்பிள்ளை தலையாட்டினார். “புரியுதுங்க. புல் சிலிண்டர் மேல போகுது, காலி சிலிண்டர் கீழ வருது.”

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். “இத்தனை வருஷமா நான் மாணவங்களுக்கு இவ்வளவு சுலபமா சொன்னதில்ல.”

உள்ளே படுக்க வைத்தார்கள். கால் பக்கமாக மெஷினுக்குள் போனார். வலது கெண்டைக்காலைச் சுற்றி ஒரு வளையம், மேலே போர்வை. முட்டிக்குக் கீழே எதுவும் வெளியே தெரியாது. மெஷின் டக்டக்கென்று இடிக்கத் தொடங்கியது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அறுபது தடவை அழுத்தினார். ஒரு தடவைகூட வலிக்கிறது என்று சொல்லவில்லை.

கம்ப்யூட்டரில் ஒரு கோடு, ஏற்ற இறக்கமே இல்லாமல். டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். “வழக்கமா வேலை செஞ்ச சதையில கோடு எறங்கி, நிறுத்தினதும் சட்டுனு மேல எழும்பும். இவருக்கு ரத்தம் மாறவே இல்ல. சதை களைச்ச மாதிரியே தெரியல. கோளாறுன்னு சொல்ல இதுல ஒண்ணும் இல்லைங்க.”

நான் நேரே ஏஜென்சிக்குப் போனேன். கவுண்டரில் என் மகள். பின்னால் அந்தக் காதுக்குடைச்சல்காரன். அவன் இருக்கிறான் என்று தெரிந்தேதான் சத்தமாகச் சொன்னேன்: “காந்தத்துல போட்டே பாத்தாச்சு. கோளாறும் இல்ல, மண்ணும் இல்ல. இனிமே அழாதே.”

மேனேஜர் சாவியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “பெரியவரே, மாமனார்னா நீங்கதான் மாமனார்!”

என் மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதில் நன்றி இல்லை.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்கேன் எடுக்கிறவர் பெடலைத் திருப்பி அனுப்பினார். கிறீச் கிறீச்சென்று சத்தம் போடுகிறதாம், மாப்பிள்ளைக்கு அப்புறம் யாரும் மிதிக்கவில்லையாம். என் சாமானில் சத்தமா? பட்டறை மேஜையில் வைத்துப் பிரித்தேன்.

சத்தம் போட்டது ரப்பர் ஷீட். அடிப் பகுதியில், குதிகால் படுகிற இடத்தில், பசை விட்டுப் பெயர்ந்து பலகையோடு உரசியிருக்கிறது. ரப்பரின் கோடுகள் அங்கே நசுங்கிக் கிடந்தன. மேலே, முன்பாதம் படுகிற இடத்தில், நான் போட்ட நீலச் சாக்குக்கோடு அப்படியே இருந்தது. கொஞ்சம்கூடக் கலையவில்லை. அறுபது மிதி மிதித்த பெடலில் சாக்குக்கோடு கலையவில்லை!

நான் அச்சு கடைகிறவன். எந்த இயந்திரத்தையும் அது தேய்ந்த இடத்தைப் பார்த்துத்தான் படிப்பேன். ஓட்டுகிறவன் பொய் சொல்லுவான், தேய்மானம் சொல்லாது. அந்தப் பலகையை மேஜையில் வைத்தேன். லேத்தை அணைக்கச் சொல்லிவிட்டு மகள் வீட்டுக்குப் போனேன்.

அவர்கள் இருப்பது தரைத்தளம். கதவு திறந்திருந்தது. வாசலில் அவர் செருப்பு. குனிந்து கையில் எடுத்தேன். எடுத்ததும் ஒரு நாற்றம், வேர்வையும் ரப்பரும் தெருச் சாக்கடையும் கலந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பிப் பார்த்தேன். இடது செருப்பு எல்லாப் பக்கமும் சமமாகத் தேய்ந்திருந்தது. வலது செருப்பில் குதிகால் ஓட்டையாகித் தரை தெரிந்தது. அதன் முன்பக்க அடியில் பூ வேலைப்பாடு கடையில் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது.

“என்ன மாமா, செருப்பு வேணுமா?” மாப்பிள்ளை உள்ளேயிருந்து வந்தார்.

“மாப்ளே, படியேறும்போது வலது காலை எப்படி வெக்கிறீங்க?”

“குதிகாலால மாமா. முன்கால்ல எம்பினா கெண்டைக்கால் பிடிச்சுக்கும். குதிகாலை வெச்சுத் தொடையால இழுத்தா இன்னும் பத்துப் படி கூடத் தாங்கும். பழகிப்போச்சு. இப்ப நெனைச்சாலும் முன்கால் போக மாட்டேங்குது.”

“ஸ்கேன்ல?”

“அங்கயும் அப்படித்தான். அழுத்துன்னாங்க, அழுத்தினேன். ஏன், தப்பா?”

டாக்டரம்மாவின் வரைபடத்தில் இருந்தபடியே செய்திருந்தால் அது நடந்திருக்காது. கீல் குதிகாலுக்கு நேரே இருந்தால் குதிகாலை எவ்வளவு உதைத்தாலும் பலகை அசையாது. முன்பாதம் அழுத்தினால்தான் அசையும், கெண்டைக்கால் சதை உழைத்தே தீர வேண்டும். நான் நாலு விரல் இறக்கி வைத்ததால் தொடை உழைத்தது, கெண்டைக்கால் சொகுசாகப் படுத்திருந்தது. படுத்திருந்த சதையைத்தான் காந்தம் பார்த்தது. அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, களைக்கவில்லை என்று. தப்பு சொன்னது என் பெடல்.

ஐம்பத்தைந்து வருஷத் தொழிலில் என் சாமானில் தப்பு என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆணி சரியில்லை, இரும்பு சரியில்லை, ஓட்டுகிறவன் சரியில்லை, இப்படித்தான் சொல்லிப் பிழைத்தேன். அன்றைக்குப் பேசாமல் இருந்திருக்கலாம். ரப்பரை ஒட்டிக் கொடுத்தால் சத்தம் நின்றிருக்கும், யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை மாப்பிள்ளைக்கு வேலை போயிருக்கும், நான் சொன்னது சரியென்று ஆகியிருக்கும். அப்படி நினைத்தேன் என்பதை இப்போது எழுதும்போதே எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. ஆனால் அந்தப் பலகை என் மேஜையில் கோணலாகக் கிடந்தது. கோணலான சாமானை வைத்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்காது. என்னைத் திருத்தியது நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெடலை டாக்டரம்மாவின் மேஜையில் வைத்தேன்.

“கீலை நீங்க போட்ட எடத்துல வெக்கலம்மா. நான்தான் எறக்கி வெச்சேன். அவரு குதிகாலால தள்ளியிருக்காரு. நீங்க பாத்தது வேலை செய்யாத சதையை.”

அவர் சாக்குக்கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“கோடு எழும்பாதப்பவே எனக்கு உறுத்திச்சு. நான் போர்வையை விலக்கிப் பாத்திருக்கணும்” என்றார். “எப்ப மாத்தித் தர முடியும்?”

“நாளைக்குக் காலையில.”

கீலை ஏற்றி, குதிகால் உட்காரக் கிண்ணம் மாதிரி ஒரு கட்டை குடைந்து, முட்டிக்கு மேலே தொடையைக் கட்ட ஒரு துணிப் பட்டையும் வைத்தேன். பெரிய பாதத்துக்கும் இடிக்காதபடி கிண்ணத்தின் விளிம்பை வழித்துவிட்டேன். அந்த யோசனை வரைபடத்தில் கிடையாது, என்னுடையது.

சனிக்கிழமை மறுபடி படுத்தார். இந்தத் தடவை முதலில் இடது கால். அறுபது மிதி. திரையில் கோடு கொஞ்சம் இறங்கியது, நிறுத்தியதும் தண்ணீர்க் குழாய் திறந்த மாதிரி ஜிவ்வென்று மேலே ஏறி, தேவைக்கு மேலேயே போய்விட்டு, நிதானமாகத் திரும்பி வந்தது. “இதுதான் நல்ல கால்” என்றார் டாக்டரம்மா.

அடுத்தது வலது கால். இருபதாவது மிதியிலேயே கோடு சரிய ஆரம்பித்தது. முப்பதில் மைக்கில் குரல் கேட்டது: “அம்மா, கல்லாயிடுச்சும்மா.” முப்பத்து நாலில் கால் நின்றுவிட்டது. “நிறுத்துங்க, போதும்” என்றார் டாக்டரம்மா. கோடு எழும்பவில்லை. கீழேயே கிடந்தது. திரையின் மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் என் கைக்கடிகாரத்தையும் பார்த்தேன். ஒரு நிமிஷம் போனது. ஒன்றரை நிமிஷம். பிறகு கிழவன் மாடியேறுகிற மாதிரி மெல்ல மெல்ல மேலே வந்தது. இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல்.

“ரெண்டு நிமிஷம் மாமா, தானா சரியாயிடும்.” ஆறு வருஷத்துக்கு முன்னால் எச்சில் கறைச் சுவரில் சாய்ந்துகொண்டு அவர் சொன்ன கணக்கு நிமிஷம் பிசகாமல் திரையில் இருந்தது. என் விரலால் தடவியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

வெளியே வந்து உட்கார்ந்தவரிடம் டாக்டரம்மா சொன்னார்: “படுத்திருக்கும்போது உங்க ரத்தக்குழாய் திறந்துதான் இருக்கு, அதான் நாடி நல்லா இருக்கு. முன்காலால எம்பும்போது முட்டிக்குப் பின்னால இருக்கற சதை அதை நெரிக்குதுன்னு நெனைக்கறேன். இது ஆராய்ச்சிப் படம்தான். ரத்தக்குழாய் டாக்டர் பாத்து உறுதி பண்ணணும். ஆனா வலி நெஜம். அதை நான் எழுதித் தருவேன்.”

மாப்பிள்ளை முகத்தில் அவருடைய அந்தச் சிரிப்பு. “அப்ப லோடு வர்ற வழியில எவனோ ஒருத்தன் அரை மாடியில உக்காந்திருக்கான்.”

டாக்டரம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. அவர் சும்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கெடு வைத்த திங்கட்கிழமை காலையில், சனிக்கிழமை சாயங்காலமே ரத்தக்குழாய் டாக்டரும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு நானும் மாப்பிள்ளையும் மகளும் ஏஜென்சிக்குப் போனோம். மேனேஜர் கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பின்பக்கத்தைப் பார்த்தான்.

“செவ்வாக்கிழமை ஒண்ணும் இல்லைன்னீங்க. இன்னிக்கு இருக்குங்கறீங்க. எதை நம்பறது பெரியவரே?”

“செவ்வாக்கிழமை நான் சொன்னது தப்பு. என் பெடல் தப்பு. கைவேலை தெரியாத பயலுக்கு அது புரியாது. கடுதாசியைப் படி.”

“சீல் கொஞ்சம் மங்கலா இருக்கே...”

என் மகள் எழுந்தாள். காது அழுக்குத் துடைத்த அந்த ரிஜிஸ்டரை இரண்டு விரலால் தூக்கி அவன் மேஜையில் போட்டாள். “சார், சீல் தெளிவாத்தான் இருக்கு. நீங்க துடைச்ச எடம்தான் மங்கலா இருக்கு. கோடவுனுக்கு மாத்தி எழுதுங்க. இல்லைன்னா இன்னிக்கு போன் எடுக்க ஆள் கிடையாது.”

நாலு போன் ஒரே சமயத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எழுதிக் கொடுத்தான். அவள் எனக்குப் பிறந்தவள், சந்தேகமே இல்லை.

அடுத்த மாதம் ஆபரேஷன். நெரித்த சதையைக் கொஞ்சம் வெட்டிக் குழாய்க்கு வழி விட்டார்கள். நாலு மாதம் கோடவுனில் உட்கார்ந்து எடை போட்டார். அதற்கு மேல் அவருக்கே இருப்புக் கொள்ளவில்லை. டாக்டரின் சம்மதம் வாங்கிக்கொண்டு மறுபடி சிலிண்டர் தூக்கப் போனார்.

முதல் நாள் என் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தார். நான் மேலே கைப்பிடிச் சுவரில் நின்று பார்த்தேன். படி திரும்புகிற இடம் வந்தது. நிற்கவில்லை. முன்பாதத்தை ஊன்றி எம்பி எம்பி வந்தார். முதல் மாடிக்கார அம்மாள் எட்டிப் பார்த்து, “என்ன அரைமாடி, நிக்காமப் போறே!” என்றாள். “ஆமாங்கம்மா” என்று சொல்லிக்கொண்டே வந்து சிலிண்டரை என் அடுப்படியில் இறக்கினார். முகத்தில் வேர்வை இருந்தது, வலி இல்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வந்தது, “தண்ணி குடிக்கிறீங்களா மாப்ளே?” என்பதுதான்.

அன்று மத்தியானம் பட்டறையிலிருந்து சுரண்டும் உளியை எடுத்துக்கொண்டு ஏஜென்சிக்குப் போனேன். அங்கே சுவரில் ஒரு தகரப் பலகை உண்டு. யாருக்கு எந்தத் தெரு என்று எழுதியிருக்கும். ஆறு வருஷமாக மூன்றாவது வரி ‘அரைமாடி’, பெயிண்டில். சுரண்டினேன். பெயிண்டு போயிற்று, எழுத்து போகவில்லை. தகரத்தில் பதிந்து தடம் தெரிந்தது. மேனேஜர், “போர்டு ஏஜென்சி சொத்து” என்று கத்தினான். நான் தகரத்தையே கழற்றிக்கொண்டு வந்து, அதே அளவில் புதுத் தகரம் வெட்டி, விளிம்பு மடித்து, மறுநாள் காலையில் மாட்டினேன்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். மூன்றாவது வரியில் ‘அரைமாடி’ என்று ஈரப் பெயிண்டு மின்னியது. எனக்கு ரத்தம் கொதித்தது. “எந்த நாய்டா எழுதினது?”

“நான்தான் மாமா.” மாப்பிள்ளை கையில் பிரஷ்ஷோடு நின்றார். “என் சொந்தப் பேரைப் போட்டா எந்த வீட்டுலயும் யாருக்கும் தெரியாது. வேற ஆள் மாறிட்டான்னு நெனைப்பாங்க. அந்தப் பேர்ல கூப்பிட்டாத்தான் இப்பல்லாம் எனக்கே திரும்பிப் பாக்கத் தோணுது.”

“அதை உங்களுக்கு யாரு வெச்சாங்கன்னு...”

“தெரியும் மாமா. நீங்க மேல நின்னு சொன்னப்போ நான் அங்கதானே உக்காந்திருந்தேன்?” பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் வழித்தார். “நல்ல பேருதான். எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவர் நிஜமாகவே அப்படி நினைத்துச் சொன்னார். நான் வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் நின்று மூன்று தடவை வாய் கொப்பளித்தேன். எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு மேலே நின்று நான் சொன்ன அந்த வார்த்தையின் நாற்றம் வாயை விட்டுப் போகவில்லை.